தூசியும் வெளிச்சமும்

திருவொற்றியூரில் குடியிருப்பவனுக்குத் தூசியைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. காலையில் துடைத்த மேஜையில் மாலையில் விரலால் கோலம் போடலாம். இரவில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் விளக்கொளி, தூசிக்குள் புகுந்து மஞ்சள் புகையாகப் பரவி நிற்கும்.

ஒளி அப்படிப் பரவுவதற்கும் கணக்கு உண்டு. அதைப் போட்டவர்களில் முதன்மையானவர், நம் மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-ல் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர். ஒளி ஒரு வாயு மண்டலத்துக்குள் நுழைந்தால் எவ்வளவு விழுங்கப்படும், எவ்வளவு சிதறும், எவ்வளவு வெளியே வரும்? 1950-ல் அவர் வெளியிட்ட பெரிய நூலின் விஷயமே இதுதான்.

அவர் எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் அடுக்கடுக்காக ஒழுங்காய் அமைந்த மண்டலங்கள். நட்சத்திரங்கள் பிறக்கும் மேகங்களில் அந்த ஒழுங்கைத் தேட முடியாது; ஓரிடம் கட்டி, ஓரிடம் ஓட்டை. ஆகவே இன்றைய விஞ்ஞானிகள் கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய் மேகத்தைக் கட்டுகிறார்கள். நடுவே ஒரு நட்சத்திரத்தை ஏற்றி, அதிலிருந்து லட்சக்கணக்கான ஒளிப் பொட்டலங்களை அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றும் எங்கே முட்டும், எப்பக்கம் திரும்பும் என்பதைத் தாயம் உருட்டுவதுபோல் எண்களை உருட்டித் தீர்மானிக்கிறார்கள். சூதாட்டத்துக்குப் பேர்போன மான்டி கார்லோவின் பெயரையே இந்த முறைக்குச் சூட்டியிருக்கிறார்கள்!

மார்கழி இரவில், தூசி அடங்கியிருந்தால், கடற்கரையில் நின்று கிழக்கே பாருங்கள். திருவாதிரைக்கு வலப்புறம் மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக நிற்கும். அவற்றுக்கும் தெற்கே மங்கலாக ஒரு திட்டு. சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு பிரசவ அறை அது. அத்தகைய மேகங்களில் நூறு பங்கு வாயுவுக்குத் தூசி ஒரு பங்குதான். ஒரு துகள், மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். ஆனாலும் அந்தத் தூசிதான் வெளியிலிருந்து வரும் கடும் ஒளியைத் தடுத்து, மேகத்தின் உள்ளே குளிர்ச்சியைக் காக்கிறது. குளிர்ந்த வாயுதான் சுருண்டு நட்சத்திரமாக முடியும். பெரிய நட்சத்திரம் ஒன்று பிறந்ததும் கதை மாறுகிறது. அதன் ஒளி, சுற்றியுள்ள வாயுவைப் பத்தாயிரம் டிகிரிக்குக் காய்ச்சுகிறது. தூசியைப் பிடித்து வெளியே தள்ளுகிறது. மூத்த பிள்ளையே தொட்டிலை உடைக்கிறது! சில இடங்களில் அதே தள்ளலில் வாயு நெருக்குண்டு, புதிய நட்சத்திரங்கள் பிறக்கவும் கூடும். உடைப்பு எங்கே, பிறப்பு எங்கே என்று அறியத்தான் இத்தனை தாய உருட்டலும்.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் உற்சாகமாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வானத்துத் தூசியை எண்ணி என்ன சார் ஆகப்போகுது? என் பேத்தி ராத்திரியெல்லாம் இருமுறா" என்றார்.

'நாமெல்லாம் நட்சத்திரத் தூசிதானே' என்று தத்துவம் பேசி நழுவியிருக்கலாம். ஆனால் தத்துவம் இருமலுக்கு மருந்தாகாது. வானத்துத் தூசி, பிறக்கப் போவதற்கு நிழல் தருகிறது. நம் தெருத் தூசியோ பிறந்துவிட்டதன் மார்புக்குள் போய் உட்காருகிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பாட என் மனம் ஒப்பவில்லை.

ஒரு சங்கதி மட்டும் சொன்னேன். காற்றிலுள்ள நுண்தூசியை அளக்கும் சின்னக் கருவிகள் பலவும், ஒளியைப் பாய்ச்சி, அது எவ்வளவு சிதறுகிறது என்று பார்த்துத்தான் எண் சொல்கின்றன. விண்மேகத்துக்கும் நம் வீதிக்கும் உறவு அங்கேதான். கண்ணுக்குத் தெரியாத தூசியை யாரும் இல்லையென்று சாதிக்கலாம். எண்ணாகிவிட்ட தூசியை அவ்வளவு சுலபமாக மறைத்துவிட முடியாது.

நண்பர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்:

"அந்தக் கருவி என்ன விலை இருக்கும் சார்?"