பொருள்வயிற் பிரிந்த தந்தை

ஓதல், பகை, தூது, பொருள் எனப் பிரிவுக்குரிய காரணங்களை வகுத்துக் காட்டிய தொல்காப்பியர், கடற்பயணத்தில் பெண்டிரை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்பதையும் குறித்துச் சென்றார். பாலைத்திணைப் பாடல்கள் பொருள் தேடிச் சென்ற தலைவனின் சுரவழியையும், இல்லிருந்த தலைவியின் ஆற்றாமையையும் விரித்துப் பேசுகின்றன. அந்த வீட்டுக் குழந்தை என்ன எண்ணியிருக்கும், சென்றவன் அக்குழந்தையை நினைந்து என்ன பாடுபட்டிருப்பான் என்னும் வினாக்களுக்கு அப்பாடல்களில் கிடைக்கும் விடை குறைவு. அகத்திணையில் தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், செவிலி பேசுவாள். தந்தை நேரே பேசுவதில்லை. அவன் உள்ளத்தைக் குறிப்பினால்தான் உணர்ந்துகொள்ள வேண்டும் என்பது இலக்கணம். இதனை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் என் நினைவு சீவலப்பேரிக்குச் சென்றுவிடுகிறது.

தாமிரபரணியோடு சிற்றாறும் கயத்தாறும் வந்து கலக்கும் ஊர் சீவலப்பேரி. முக்கூடற்பள்ளு பாடும் முக்கூடல் இவ்விடமே. அப்பள்ளில் வரும் குடும்பனுக்கு மனைவியர் இருவர். முக்கூடற்பள்ளி திருமாலை வணங்குபவள். மருதூர்ப்பள்ளி சிவனை வணங்குபவள். ஒருத்தி தெய்வத்தை மற்றவள் ஏசுவாள். ஏசி முடித்து இருவரும் இணங்குவார்கள். ஒரே வீட்டில் இரு நெறிகள் பூசலிட்டுக்கொண்டும் கூடிக்கொண்டும் வாழ்ந்ததைப் பாடிய மண் எங்கள் மண்.

அம்மண்ணில் பிறந்த என் வாப்பா லாரி ஓட்டுநர். கோவில்பட்டித் தீப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பஞ்சாப் வரை செல்வார். திரும்பும்போது லூதியானாவிலிருந்து சைக்கிள் உதிரிப்பாகங்கள் ஏற்றி வருவார். அன்று திருநெல்வேலியிலிருந்து நாகபுரி வரை செல்லும் சாலைக்கு ஏழாம் எண். 2010இல் எண்கள் மாற்றியமைக்கப்பட்டபின் அச்சாலை, சிறீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை 3,700 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் பகுதியாயிற்று. சலந்தரும் லூதியானாவும் அம்பாலாவும் திருநெல்வேலியும் இன்று ஒரே சாலையின் ஊர்கள். சாலைக்கு அந்த ஒரே எண் கிடைப்பதற்கு முன்பே வாப்பா அதனை ஒரே சாலையாக ஓட்டிக் கழித்தவர்.

எங்கள் வீட்டில் காலம் நாள்காட்டியால் அளக்கப்படவில்லை. “கார் நாற்றுப் பாவும்போது வந்துருவேன்” என்பார். “பிசானம் அறுப்புக்கு இருப்பேன்” என்பார். சொன்னபடி வந்ததும் உண்டு, வாராததும் உண்டு. நோன்புப் பெருநாள் சிலவற்றை அவர் இல்லாமலே கொண்டாடியிருக்கிறோம். இடையே வரும் அஞ்சலட்டையில் நான்கே வரிகள் இருக்கும். நலம், ஊர்ப்பெயர், பணம் அனுப்பிய செய்தி, பிள்ளைகளுக்குத் துஆ. அந்த நான்கு வரிகளை உம்மா நாற்பது முறை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள்.

சபர் என்னும் பயணம் இசுலாத்தில் மிகுந்த கருத்துடன் நோக்கப்படுவது. பயணிக்குத் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளச் சலுகை உண்டு. நோன்பைப் பின்னர் நோற்க அனுமதி உண்டு. குறைசியரின் குளிர்கால, கோடைகால வணிகப் பயணங்களைத் திருக்குர்ஆன் எடுத்துரைக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் கதீஜா (ரலி) அவர்களின் சரக்குகளுடன் சிரியாவுக்கு வணிகப் பயணம் சென்றவர்களே. பயணிக்குச் சலுகை தந்த மார்க்கம், குடும்பக் கடமையிலிருந்து அவனுக்கு விடுதலை தரவில்லை.

நெடுவழியில் வாப்பா பசியாறிய இடங்களுள் முதன்மையானவை குருத்துவாராக்கள். சாதியும் மதமும் கேளாமல் யாவரையும் ஒரே வரிசையில் தரையில் அமர்த்தி உணவிடும் லங்கர் அங்கே நடைபெறும். கார்த்திகை முழுநிலவில் குருநானக் பிறந்தநாளும், நம் சித்திரைப் பிறப்பையொட்டி வைசாகியும் வரும். அந்நாள்களில் அவ்வழியே செல்ல நேர்ந்தால் வாப்பா அங்கே தங்கிக் காய் நறுக்கிக் கொடுப்பார், பாத்திரம் துலக்குவார். இச்செய்தி ஊரில் பரவியபோது, பள்ளிவாசல் திண்ணையில் பெரியவர் ஒருவர் கேட்டார்:

“ஏம்ப்பா, சீக்கியமாரு கோயில்ல போயி சாப்பிடுதியாமே, நெசமா?”

“ஆமா மாமா. பசிச்சு வந்தவன்ட்ட யாரு எவருன்னு கேக்காமச் சோறு போடுதாங்க. தலையில துண்டப் போட்டு உக்காந்து சாப்பிட்டேன். தொழுகைய எங்கயும் விடல.”

பெரியவர் மேலும் கேட்கவில்லை. நம்மோடு போரிடாதவர்க்கு நன்மை செய்வதையும், அவர்களிடம் நீதியுடன் நடப்பதையும் இறைவன் தடுக்கவில்லை என்னும் 60ஆம் அத்தியாயத்தின் 8ஆம் வசனத்தை அவரும் அறிவார்.

1984 நவம்பர் நிகழ்ச்சி இன்னும் கடினமானது. அதனை உம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். டில்லியில் சீக்கியர்கள் கொல்லப்பட்ட அந்நாள்களில் வாப்பா வடக்கே இருந்தார். வீட்டுக்கு ஒரு தகவலும் இல்லை. அவ்வாண்டு குருநானக் பிறந்தநாள் அப்படுகொலைகளுக்கு அடுத்த வாரமே வந்தது. வழக்கமாக உணவருந்தும் குருத்துவாராவில் அன்று அலங்காரமும் இல்லை, கூட்டமும் இல்லை. ஆனால் அடுப்பு எரிந்ததாம். வாப்பா இரண்டு நாள் அங்கே தங்கி வேலை செய்துவிட்டுத்தான் புறப்பட்டார். ஊர் வந்து சேர்ந்தபோது உம்மா கேட்டது ஒரே கேள்வி: “அந்த ரெண்டு நாள் முன்னக்கூட்டி இங்க வந்திருக்கக் கூடாதா?” வாப்பா சொன்னாராம்: “அத்தன வருசம் சோறு போட்ட வீட்டுல துக்கம். ஒரு எட்டு இருந்துட்டு வராண்டாமா?”

உம்மாவின் கேள்வியிலும் நியாயம் உண்டு; வாப்பாவின் விடையிலும் நியாயம் உண்டு. தந்தையின் வாழ்வு இத்தகைய இரு நியாயங்களுக்கு இடையேதான் ஓடுகிறது. அதன்பின் வாப்பா ஒரு முறை வகுத்துக்கொண்டார். இரு பெருநாள்களுக்கும் பிசான அறுவடைக்கும் வீட்டில் இருப்பார். அதனால் இழக்கும் நடைக்கூலியைப் பொருட்படுத்தமாட்டார்.

இந்தச் சமன்பாட்டைத் தேடியவர்களுள் வாப்பா முதல்வர் அல்லர். குருநானக் (1469-1539) சுல்தான்பூரில் தௌலத்கான் லோடியின் பண்டகசாலையில் பணிபுரிந்தவர். இரு ஆண்மக்களின் தந்தை. நெடும்பயணங்கள் முடித்தபின் இராவி ஆற்றங்கரைக் கர்த்தார்பூரில் குடும்பத்துடன் அமர்ந்து உழவு செய்தார். துறவைவிட இல்லறமே நெறி என்றார். அவருடன் ரபாப் இசைத்துச் சென்ற மர்தானா ஒரு முசுலிம். அவரும் பிள்ளைகளைப் பெற்ற தந்தை. மகளின் திருமணச் செலவுக்கு அவர் கலங்கியதையும், குரு அதற்கு ஏற்பாடு செய்ததையும் சனம்சாகிக் கதைகள் சொல்கின்றன. அக்கதைகளில் குரு தியானத்தில் இருப்பார். மர்தானாவோ பசிக்கிறது என்பார், தாகம் என்பார், வீட்டைப் பார்க்க வேண்டும் என்பார். குருவும் அதனைக் குறையாகக் கொள்ளவில்லை. மர்தானாவின் வழிவந்தோராக மதிக்கப்பெற்ற ரபாபிகள், முசுலிம்களாகவே இருந்து, அமிர்தசரசுப் பொற்கோயிலில் 1947 வரை இசைபாடினார்கள். அவர்களின் குழந்தைகள் தந்தையின் தொழிலை அயலார் விழாவில் கண்டு வளர்ந்தவர்கள். பிரிவினை அம்மரபை அறுத்தது. பெரும்பாலோர் பாகிசுதானுக்குச் சென்றுவிட்டார்கள்.

பின்னாளில் ஒருமுறை குருநானக் பிறந்தநாளன்று வாப்பா எங்கள் எல்லோரையும் சென்னைத் தியாகராய நகர் குருத்துவாராவுக்கு அழைத்துச் சென்றார். தாம் தனியே அறிந்த உலகைக் குடும்பத்துக்குக் காட்ட விரும்பினார் போலும். உம்மா முக்காடிட்டு வரிசையில் அமர்ந்து ரொட்டியும் பருப்பும் உண்டார்கள். வெளியே வந்ததும், “உப்பு ஒரு கல்லு கொறவு, ஆனா மனசறிஞ்சு போடுதாங்க” என்றார்கள். 1984இல் கேட்ட கேள்விக்கு உம்மா தாமே எழுதிக்கொண்ட விடையாக அதனைக் கருதுகிறேன்.

வாப்பா இன்று இல்லை. இம்மலரைப் படிக்கும் மாணவர் பலரின் தந்தையர் வளைகுடா நாடுகளில் உழைக்கிறார்கள். அன்றைய அஞ்சலட்டைக்கு ஈடாகக் கைப்பேசியில் அவர்கள் முகம் நாள்தோறும் தெரிகிறது. ஆயினும் பிரிவு பிரிவுதான். அவர்கள் எந்த விடுதியில் உண்கிறார்கள், யாருடைய பெருநாளில் யாருக்குத் துணை நிற்கிறார்கள், எந்தத் துக்கத்தில் பங்கு கொள்கிறார்கள் என்பதைப் பணம் வந்ததா என்று கேட்கும்போதே கேட்டுவையுங்கள். அகத்திணைத் தந்தை பேசுவதில்லை. கேட்டால் நம் தந்தையர் பேசுவார்கள்.