ஒரு கை பார்த்தேன்!

அமெரிக்காவிலிருந்து வரும் மச்சினன்கள் பொதுவாக சாக்லெட், சென்ட், பாதாம் பருப்பு என்று கொண்டுவருவார்கள். என் மச்சினன் கத்தி கொண்டுவந்தான்!

பயப்படாதீர்கள். மூன்று அங்குல மடக்குக் கத்திதான். கைப்பையில் வைத்தால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்பதால் பெரிய பெட்டியில், பனியன் ஜட்டிகளுக்கு நடுவே பத்திரமாகப் பயணம் செய்து வந்திருந்தது.

"ஒரே கையால திறக்கலாம். பாருங்க அத்தான்" என்றான்.

'டக்!'

நான் கண்ணைச் சிமிட்டிவிட்டேன். அதற்குள் கத்தி திறந்துவிட்டது. "பழைய படத்துல வில்லனோட அடியாள் பட்டனை அமுக்குவானே, அதுவா?" என்று கேட்டேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அது ஸ்பிரிங் கத்தி. அமெரிக்காவுலயே 1958-ல அதுக்கு எதிரா சட்டம் போட்டுட்டாங்க. இது ஃப்ளிப்பர். உள்ளே ஸ்பிரிங்கே கிடையாது. எல்லாம் உங்க விரல் வேலைதான்!"

நமக்குத் தெரிந்த பேனாக்கத்தியில் ஒரு பள்ளம் இருக்கும். அதில் நகத்தைக் கொடுத்து இழுக்க வேண்டும். அதற்கு இரண்டு கை வேண்டும். முக்கியமாக நகம் வேண்டும். மாதக் கடைசியில் நகம் கடிக்கும் என் போன்றோருக்கு அது சரிப்படாது. ஃப்ளிப்பரில், மடக்கிய நிலையில் கைப்பிடியின் முதுகில் சின்னதாக ஒரு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். ஆள்காட்டி விரலால் அதை அழுத்தினால் அலகு சுழன்று வெளியே வந்து பூட்டிக்கொள்ளும். திறந்த பிறகு அதே கொம்பு, விரல் வழுக்கி அலகுப் பக்கம் போகாமல் காவல் காக்கும். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற கிட் கார்சன் என்ற அமெரிக்கர் 1990-களின் கடைசியில் இதைப் பிரபலமாக்கினாராம். சொல்லிவிட்டுக் கத்தியை என்னிடம் கொடுத்தவன், ஒரு வாரத்தில் ஊர் திரும்பிவிட்டான்.

என் சோதனைக் காலம் ஆரம்பமாயிற்று.

முதல் நாள் அழுத்தினேன். அலகு பாதி வந்து நின்றது, கரண்ட் போன லிஃப்ட் மாதிரி. இரண்டாம் நாள் விரல் நுனி சிவந்ததுதான் மிச்சம். மூன்றாம் நாள் கத்தி கையை விட்டுப் பறந்தது. பங்குச் சந்தையில் 'விழும் கத்தியைப் பிடிக்காதே' என்பார்கள். பி.காம். படித்ததற்கு வாழ்க்கையில் முதன்முறையாகப் பலன் கிடைத்தது. பிடிக்காமல் காலை மட்டும் இழுத்துக்கொண்டேன். அதன்பின் அலகின் கூர் முனை முழுக்க டேப் ஒட்டி, கட்டிலின் மேல் உட்கார்ந்துதான் பயிற்சி.

"கட்டுரை எழுதறேன்னு கதவைச் சாத்திக்கிட்டு உள்ள என்னங்க சத்தம்?" என்றாள் சகதர்மிணி.

மூன்றாவது வாரம் மானத்தை விட்டு மச்சினனுக்கு வீடியோ காலில் செய்து காட்டினேன். சிரித்தான்.

"அத்தான், மத்த மூணு விரலை எங்க வச்சிருக்கீங்க?"

பார்த்தேன். கத்தி ஓடிப்போய்விடும் போல மூன்று விரலாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். இந்தக் கத்தியில் கைப்பிடியின் ஒரு பக்கத் தகடேதான் பூட்டு. அதில் ஒரு குட்டி எஃகுக் குண்டு இருக்கிறது. சட்டைப் பையில் கத்தி தானாகத் திறந்துவிடாமல் இருக்க, அந்தக் குண்டு அலகிலுள்ள குழியில் உட்கார்ந்திருக்கும். நான் தகட்டை இறுக்க இறுக்க, குண்டும் குழியை விடாமல் அழுந்தி உட்கார்ந்துகொண்டிருந்தது.

"நீங்களே அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, நீங்களே திறக்கப் பார்த்தா எப்படி? பிடியைத் தளர்த்துங்க."

தளர்த்தினேன். 'டக்!'

உடனே ஹாலுக்கு ஓடினேன். என் சாகசத்தை யாருக்காவது காட்ட வேண்டாமா? ஈசிசேரில் அப்பா இருந்தார். ஐந்து முறை திறந்து காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் வலது கையை நீட்டினார்.

"கொடு."

"வேண்டாம்ப்பா. கையை வெட்டிக்கப் போறீங்க."

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து இரண்டு வருடமாகிறது. இடது கை வேலை செய்யாது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்கு எல்லாம் வெட்டியே வரும். கொய்யா நறுக்கி வரும். தோசையைக்கூட விண்டு வைத்துவிடுவோம். பாசம்தான், சந்தேகமில்லை.

"இடது கைதான்டா போச்சு" என்றார். "வலது கை இன்னும் என்னோடதுதான்."

என் விரல்கள் கத்தியை இறுக்கிப் பிடித்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். தளர்த்தினேன்.

தபாலாபீசில் முப்பது வருடம் முத்திரை குத்திய கை அது. முதல் தடவை பாதி வந்து நின்றது. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை, 'டக்!' என்னுடையதைவிட சத்தம் ஜாஸ்தி.

"இதுக்கா மூணு வாரம்?" என்றார்.

டேப்பைப் பிரித்துக் கொடுத்தேன். ஈரத் துணி ஒன்று கேட்டார். அதை மடித்துத் தட்டில் போட்டு, அதன்மேல் கொய்யாவை உட்காரவைத்தார். அது உருளவில்லை. நிதானமாக நான்காக வெட்டினார். முதல் துண்டை எனக்குத்தான் நீட்டினார். அவர் எனக்கு எதையாவது நறுக்கிக் கொடுத்து இருபது வருடமாவது இருக்கும். விதை பல்லில் மாட்டிக்கொண்டதால் சற்று நேரம் என்னால் பேச முடியவில்லை.

திறப்பதைவிட மூடுவதில்தான் ஆபத்து அதிகம். கட்டை விரலால் பூட்டுத் தகட்டை ஒதுக்கி, அலகு வரும் வழியில் மற்ற விரல்கள் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தயங்கியபடி கையை நீட்டினேன். இந்த முறை அவரே கொடுத்தார்.

"திறக்கறது நான். மூடறது நீ. சரியா?"

"சரிப்பா."

இந்த ஒப்பந்தம் ஆறு மாதமாக அமலில் இருக்கிறது. கத்தி அவர் சட்டைப் பையில்தான். நடுவில் இரண்டு முறை, "சும்மா ஒரு தடவை திறந்து பார்க்கிறேனேப்பா" என்று கேட்டேன்.

"கையை வெட்டிக்கப் போறே" என்றார்.