புகைக்கு ஒரு வழி



இந்த வாரம் உங்களோடு அடுப்பைக் குறித்துப் பேச விரும்புகிறேன். எங்கள் வீட்டு எரிவாயு அடுப்பு தேய்ந்துபோனதால் புதியதொன்று வாங்க வேண்டியிருந்தது. காரியம் சிறியதுதான். ஆயினும், யாரை மனதில் வைத்து ஓர் அடுப்பைத் தெரிந்துகொள்கிறோம் என்ற கேள்வி சிறியதல்ல.

போடிநாயக்கனூர்க் கடைவீதியில் அடுப்புகளுக்குக் குறைவில்லை. கண்ணாடி மேற்பரப்பு கொண்டவை கண்ணைக் கவர்கின்றன, துடைப்பதற்கும் எளியவை. ஆனால் கனத்த பாத்திரம் விழுந்தால் அந்தக் கண்ணாடி உடையக்கூடும். எவர்சில்வர் அடுப்பு பார்வைக்கு எளிமையானது, ஆனால் உழைக்கும். இண்டக்ஷன் அடுப்பில் தீயுமில்லை, புகையுமில்லை. எனினும், காந்தம் ஒட்டும் அடிப்பாகமுள்ள பாத்திரமே அதில் சூடேறும். மீன்குழம்பு வைக்கும் மண்சட்டி அதற்கு உதவாது. 2000 வாட் அடுப்பை முழு வேகத்தில் ஒரு மணி நேரம் வைத்தால் 2 யூனிட் மின்சாரம் செலவாகும். மின்சாரம் நின்றால் சமையலும் நிற்கும்.

கடைக்காரர் விலையையும் நிறத்தையும் சொல்லிக்கொண்டிருக்க, என் துணைவியார் ஒன்றை மட்டும் அளந்து பார்த்தார்: இரண்டு பர்னர்களுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதை. "சோற்றுப் பானையும் குழம்புச் சட்டியும் ஒன்றையொன்று இடிக்காமல் உட்கார வேண்டும், மற்றதெல்லாம் பிறகு" என்றார். எவர்சில்வரில் இரண்டு பர்னர் உள்ள அடுப்பே வீட்டுக்கு வந்தது. அடுப்பின் முன் நிற்கிறவருக்குத்தான் அடுப்பின் தேவை தெரியும்.

நம் சபையின் சகோதரிகள் பலர் விடியுமுன் எழுந்து சமைத்து, தூக்குவாளியில் சோற்றை எடுத்துக்கொண்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஜீப் ஏறுகிறார்கள். அவர்களுக்கு இரண்டாவது பர்னர் ஆடம்பரமல்ல. கூடச் சற்று நேர உறக்கம் அது.

அவர்கள் பறிக்கும் ஏலக்காய் எப்படி உலர்த்தப்படுகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். விறகால் இயங்கும் பழைய ஏலக்காய் ஸ்டோர்களில் வெளியே தீ மூட்டுவார்கள். சூடும் புகையும் குழாய்களின் வழியே அறைக்குள் சுற்றிவரும். சூடு மட்டும் உள்ளே தங்க, புகை போக்கியின் வழியே வெளியேறிவிடும். காயின்மேல் புகை படக்கூடாது. பட்டால் நிறமும் மணமும் கெடும், விலை இறங்கும். எவ்வளவு கவனமான ஏற்பாடு! அதே மலைச்சரிவில், புகைபோக்கி இல்லாத சிறு வீட்டில், ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்த தாய்மார்களை எத்தனை தலைமுறையாகப் பார்த்துவந்திருக்கிறோம்! காய்க்குச் செய்த வழியை அந்தத் தாயின் நெஞ்சுக்கு நம் சமுதாயம் செய்யவில்லை.

வீட்டுக்குள் சூழும் இத்தகைய புகையினால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் மரித்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. ஆதியாகமம் 2-ஆம் அதிகாரத்தில், தேவன் மண்ணான மனிதனின் நாசியிலே தம்முடைய சுவாசத்தை ஊதுகிறார். மனிதனின் மூச்சு தேவனிடமிருந்து வந்தது. அதைப் புகையினால் அடைப்பது வெறும் வசதிக்குறைவு என்று விசுவாசிகள் எண்ணலாகாது.

"அரசாங்கம்தான் அடுப்புக் கொடுத்ததே" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். 2006-இல் அமைந்த தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்புகளை வழங்கியது; 2016-இல் மத்திய அரசு உஜ்வலா திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் குரங்கணிக்கு மேலே ஒரு குடியிருப்பில் ஜெபிக்கச் சென்றபோது, முதிய சகோதரி ஒருவரின் எரிவாயு அடுப்பு துணியால் மூடப்பட்டுப் பரணில் இருந்தது. கீழே விறகு எரிந்துகொண்டிருந்தது. "அடுப்பு வந்திருச்சுங்க ஐயா, சிலிண்டர்தான் மலையேற மாட்டேங்குது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலில் முடிந்தது.

14.2 கிலோ எரிவாயு அடைத்த சிலிண்டர் ஏறத்தாழ 30 கிலோ எடை இருக்கும். ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கோட்டகுடிக்கு ரோப்வே அமைத்துத் தேயிலைப் பெட்டிகளை இறக்கிய மலை இது. மேலிருந்து செல்வத்தை இறக்க வழி கண்டவர்கள், கீழிருந்து ஒரு சிலிண்டரை ஏற்ற வழி காணக் கூடாதா?

யோவான் சுவிசேஷத்தின் 21-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். இரவெல்லாம் வலை வீசியும் ஒன்றும் அகப்படாமல் சோர்ந்த சீஷர்கள் கரைக்கு வருகிறார்கள். அங்கே கரிநெருப்பும், அதன்மேல் மீனும், அப்பமும் ஆயத்தமாயிருக்கின்றன. உயிர்த்தெழுந்த ஆண்டவர், களைத்தவர்களுக்காக அடுப்படியில் காத்திருந்தார். மரணத்தை ஜெயித்தவர் செய்த வேலையை, நம்மில் எவரும் தாழ்ந்ததென்று எண்ண முடியாது; அந்த வேலையைச் செய்கிறவரின் களைப்பையும் அற்பமாக எண்ண முடியாது.

ஆகவே, பிரியமானவர்களே, உங்கள் வீட்டுக்கு அடுப்பு வாங்கும்போது, அதன் முன் நிற்கப்போகிறவரைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் சொல்வதே தீர்ப்பாக இருக்கட்டும். வாங்கியபின், உங்கள் பங்குக்கு நீங்களும் அதன் முன் நில்லுங்கள். மலைக்கு ஊழியத்திற்குச் செல்லும் வாலிபர் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள்: 5 கிலோ சிலிண்டரும் கிடைக்கிறது, ஏஜென்சியில் முறையாகப் பதிவுசெய்து, பாதுகாப்பாகக் கொண்டுசேர்க்க வழி காணுங்கள். பணத்தைக் குறித்துச் சபையாராகிய நாம் கூடிப் பேசுவோம். பரணில் இருக்கும் அந்த அடுப்பு கீழே இறங்க வேண்டும்.

ஜெபம்: எங்கள் நாசியில் சுவாசத்தைத் தந்த பிதாவே, எங்களுக்காகச் சமைக்கிறவர்களின் சுவாசத்தைக் காத்தருளும். அவர்கள் பாரத்தைச் சுமக்க எங்கள் தோள்களையும் ஆயத்தப்படுத்தும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.