தாத்தா கண்ட குதிரை
(இரண்டாமாண்டு மெக்கானிக்கல், ஆழ்வார்திருநகரி)

ஓவியம் என்றால் எங்கள் வீட்டில் காலண்டர்தான். வருஷம் முடிந்தாலும் படத்தைக் கழற்ற மாட்டோம். சாமிக்குப் பின்னால் மலை, அதற்கு மேலே நிறம் மாறும் மேகம். அசலைப் போலவே தீட்டும் மேல்நாட்டுப் பாணியைச் சிவகாசி அச்சகங்கள் வழியாக நம் வீட்டுச் சுவருக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898-1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். நாடகங்களுக்குத் திரைச்சீலை எழுதியவர்.

மேல்நாட்டார் வரைந்த வானம் எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசையில் நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்து வந்தேன். அதில் பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821-ல் தீட்டிய எப்சம் குதிரைப் பந்தயப் படம் இருந்தது. மூலப்படம் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கறுத்துத் திரண்ட வானம். கீழே சவாரிக்காரர்களோடு நான்கு குதிரைகள். முன்னங்கால்களை முன்னேயும் பின்னங்கால்களைப் பின்னேயும் நீட்டி, தரை தொடாமல் பறக்கின்றன!

தாத்தாவிடம் காட்டினேன். ஸ்டேஷனுக்கும் கோயிலுக்கும் ஜட்கா ஓட்டியவர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வானம் சரிதாம்ல, மழ வாற வானம். குதிரதான் சரியில்ல. நாலு காலையும் ஒரேயடியா நீட்டிட்டா, எறங்கயில வயிறுல்லா தரையில இடிக்கும்?"

தாத்தா சொன்னதே சரி. 1878-ல் அமெரிக்காவில் மைபிரிட்ஜ் என்பவர் ஓடுபாதை நெடுகக் காமிராக்களை வரிசையாக வைத்து, ஓடும் குதிரையைப் படம் பிடித்தார். நான்கு கால்களும் ஒருசேரத் தரையை விட்டு எழும்புவது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் அவை வயிற்றுக்கு அடியில் மடங்கியிருந்தன.

ஜெரிக்கோ குதிரை என்றால் உயிரை விடுபவர். குதிரையிலிருந்து விழுந்த காயங்களும் சேர்ந்துதான் 1824-ல், 32 வயதிலேயே அவரைக் கொண்டுபோயின. அப்பேர்ப்பட்டவரே கால்களை மட்டும் அந்தக் காலத்துப் பந்தயப் படங்களின் வழக்கப்படி வரைந்துவிட்டார். அப்படி நீட்டியதால்தான் படத்தில் வேகம் தெரிகிறது என்பதும் நிஜம். கலைக்கு அது போதும். டிராயிங் ஹாலில் நிற்கிற நமக்குப் போதாது. கோடு ஒரு மில்லிமீட்டர் தப்பினால் ஷாஃப்ட் பேரிங்கில் ஏறாது.

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். "வீட்டில் சொல்லித்தர யாருமில்லையே" என்று சிலர் பரிதாபப்படுவார்கள். எழுத்துச் சொல்லித்தரத்தான் ஆளில்லை. பார்க்கச் சொல்லித்தர ஆள் இருக்கிறார்.

நண்பர்களே, லீவுக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் பாடப் படங்களை வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை காட்டுங்கள். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள்!