இறங்கத் தெரிந்த வண்டி

கல்லாறு தாண்டியதும் முதல் கொண்டை ஊசி வளைவு. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தபோது முன்பக்கம் 'சர்ர்ர்...' என்று ஒரு சத்தம். பின்சீட்டில் சிப்ஸ் தின்றுகொண்டிருந்த பிள்ளைகள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். மேட்டுப்பாளையம் - குன்னூர் சாலையில் இப்படி 14 வளைவுகள். பதினாலிலும் அந்தச் சத்தம் கூடவே வந்தது.

வண்டி மச்சானுடையது. 2010-ல் அறிமுகமான ரகத்து மஹிந்திரா தார். ஃபோர் வீல் டிரைவ். "மலைக்குப் போறோம், டயர் பெருசா இருந்தாத்தான் கெத்து" என்று 235/70 ஆர்16 டயர்களைக் கழற்றிவிட்டு 245/75 ஆர்16 மாட்டியிருந்தார். மட்கார்டில் இடிக்குமே என்று முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கியும் வைத்திருந்தார்.

குன்னூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினோம். மெக்கானிக் பெரியவருக்கு அறுபது வயதிருக்கும். எஸ்டேட் ஜீப்புகளோடே காலத்தை ஓட்டியவர். ஸ்பானரைத் தொடவில்லை, முதலில் டேப்பை எடுத்தார். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரு பக்கமும் அளந்தார். இடப்பக்கம் ஒரு விரற்கடை கூடுதல்.

"இன்னும் ரெண்டு சுத்து ஏத்திவிட்டா உரசாதுல்லங்க ஐயா?" என்றார் மச்சான்.

"ஏத்தலாம் தம்பி. ஆனா நீங்க இறங்கணுமே!"

அப்புறம் பொறுமையாக விளக்கினார். இந்த வண்டியின் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். முன்பக்கம் டார்ஷன் பார் என்ற நீளமான எஃகுக் கம்பி. ஈரத்துணியைப் பிழிவதுபோல அந்தக் கம்பி முறுக்கிக்கொண்டுதான் வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது. அதன் முனையில் இருக்கும் போல்ட்டைத் திருகினால் வண்டி உயரும். வேலை சுலபம், விளைவுதான் சிக்கல்.

முன்பக்கத்தை அளவுக்கு மீறித் தூக்கினால், சக்கரம் பள்ளத்தில் கீழே இறங்குவதற்கான இடம் குறைந்துவிடும். பள்ளம் வந்தால் 'டம்' என்று அடிக்கும். சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸிலின் கோணம் அதிகமாகி, அதன் ரப்பர் உறை கிழியும். சக்கரங்களின் சாய்வு மாறி டயர் ஒரு பக்கமாகத் தேயும். ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். பனிமூட்டம் இறங்கும் மலையில் இது ஆபத்து.

இத்தனைக்கும் லாபம் என்ன? கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய டயரின் குறுக்களவு சுமார் 735 மி.மீ., புதியது 774. அச்சு தரையிலிருந்து உயர்வது 2 செ.மீ.கூட இல்லை. ஆனால் ஸ்பீடோமீட்டர் 40 காட்டும்போது வண்டி 42-ல் ஓடும். கியர் பலமும் 5 சதவிகிதம் குறையும். ஏறும்போது இன்ஜின் திணறும். இறங்கும்போது இன்ஜின் பிடித்து நிறுத்தும் சக்தி குறைந்து, பிரேக்கை அதிகம் மிதிக்க வேண்டிவரும். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

"மலையில ஏறுறது பெருசில்ல. இறங்குறதுலதான் உசுரு இருக்கு" என்றார் பெரியவர்.

பழைய டயர்கள் கோவையில் மொட்டைமாடியில் கிடந்தன. போன் போட்டோம், மறுநாள் ஒரு சரக்கு வண்டியில் வந்துசேர்ந்தன. அதுவரை குன்னூர் ஸ்டேஷனில் உட்கார்ந்து மலை ரயிலை வேடிக்கை பார்த்தோம். 1899-லிருந்து இங்கே வந்துபோகும் ரயில். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட இன்னொரு பட்டை ஓடுகிறது. அந்தப் பல்லைப் பிடித்துத்தான் ரயில் ஏறுகிறது, இறங்குகிறது. பெரியவர் சொன்னதையே அந்த ரயிலும் சொல்வதுபோல் இருந்தது.

டயர் மாறியது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, கம்பியின் இறுக்கம் தளர்ந்த பிறகே பெரியவர் போல்ட்டைத் திருகினார். கீழே இறக்கி, தெருமுனை வரை ஓட்டிவந்து, மறுபடி அளந்தார். மூன்று முறை இப்படிச் செய்த பிறகு இரு பக்கமும் பழைய உயரத்தில் சமமாக நின்றன. வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் இரண்டையும் சரிபார்த்துவிட்டே அனுப்பினார்.

டயர் மாற்ற ஆசைப்படுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தயாரிப்பாளர் தந்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இன்ஷூரன்ஸிலும் சிக்கல் வரலாம். பிடிமானம்தான் வேண்டுமென்றால் அதே அளவில் ஆழமான வெட்டுகள் உள்ள டயர் போதும். ஊட்டிக்கு இ-பாஸ் எடுக்கும்போதே டயரையும் பிரேக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அன்று மாலை தேயிலைத் தோட்டத்துச் சேற்றுப் பாதையில் ஒரு பழைய ஜீப் எதிரே வந்தது. ஒல்லியான டயர்கள், பின்னால் இலை மூட்டைகள். அலுங்காமல் எங்களைக் கடந்து போனது. மச்சான் வெகுநேரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் கோத்தகிரி வழியாக இறங்கினோம். இரண்டாம் கியர். வளைவுக்கு வளைவு காது கொடுத்துக் கேட்டோம். எந்தச் சத்தமும் இல்லை, பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள்.