தக்காளிப் பெட்டியும் ஒரு பி.காம்.காரனும்

எழுதி மாசக்கணக்கில் ஆச்சு. ஆடிட், மார்ச் முடிவு, பையனுக்குப் பரீட்சைன்னு வழக்கமான சாக்குகள்தான். போன வாரம் தங்கமணி ஹாப்காம்ஸ் கடையிலிருந்து தக்காளி வாங்கிவந்து மேஜையில் கொட்டினாங்க. கல்லு மாதிரி கெட்டியான காய். பழைய ஞாபகம் ஒண்ணு வந்துடுச்சு.

பெங்களூருக்குப் புதுசா வந்தவங்களுக்காக: ஹாப்காம்ஸ்னா தெருமுனையில் சின்னக் கடை, வாசலில் அன்றைய விலைப்பலகை. பேரம் கிடையாது. 1959-ல் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கமா ஆரம்பிச்சது. தோட்டக்கலைத் துறையில் இருந்த மரிகௌடா அதுக்குத் துணை நின்றவர். மத்த பழம், காய்கறியெல்லாம் பிறகு வந்து சேர்ந்தது. நம்ம உழவர் சந்தை 1999-ல்தான் வந்தது, யோசிச்சுப் பாருங்க. இப்போ கடைகளோட எண்ணிக்கை முன்னே மாதிரி இல்லை, அது வேற கதை.

நான் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரன். அப்பா தக்காளி போட்டவர். விலை விழுந்த வருஷங்களில் கூடை கூடையா மாட்டுக்குப் போட்டதைப் பார்த்து வளர்ந்தேன். "உனக்கு மண்ணு வேண்டாம்டா, கணக்குப் படி"ன்னு பி.காம். சேர்த்துவிட்டார். படிச்சு, பேங்க் பரீட்சை எழுதி, பிரமோஷனில் கர்நாடகா வந்தா, போட்டது கோலார் பக்கத்துக் கிளையில், விவசாயக் கடன் அதிகாரியா. தப்பிச்சு எங்கே போறது!

கோலாரில் வற்றாத ஆறு கிடையாது. ஆயிரம் அடி தாண்டிப் போர் போட்டு வர்ற தண்ணியில்தான் தக்காளி. அங்கே ஒருத்தர், என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசுவார். நான் அவரை அண்ணான்னு கூப்பிடுவேன், அவருக்கு நான் சார். ரெண்டு ஏக்கர் நிலம்.

அவரை ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்குக் கூட்டிப்போனது நான்தான். அங்கே உருவாக்கின அர்க்கா ரக்ஷக் வீரிய ஒட்டுத் தக்காளி இலைச்சுருள் வைரஸ், பாக்டீரியா வாடல், இலைக்கருகல் மூணையும் தாங்கும். காய் கெட்டி, லாரியில் தூரம் போகும். குழித்தட்டு நாற்று, சொட்டுநீர், மல்ச்சிங் ஷீட், குச்சி நட்டுக் கட்டுறதுன்னு எல்லாத்துக்கும் கணக்குப் போட்டுக் கடன் கொடுத்தேன். ரெண்டு ஏக்கரும் ஒரே நாற்று, ஒரே வாரத்தில் நடவு.

செடி ஏமாத்தலை. 2021 ஆகஸ்ட்ல கொத்துக் கொத்தா சிவந்து நின்னுது. அதே வாரம் ஊரே சிவந்து நின்னுது! 15 கிலோ பெட்டிக்குக் கிடைச்ச விலை, பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் பத்தலை. நான் போனப்போ பறிக்காம விட்டிருந்தார். திட்டலை. காபி கொடுத்தார். வயல்ல இருந்து அழுகின தக்காளி வாசனை. எங்க தொழுவத்து வாசனை.

என் ஃபைலில் 'எதிர்பார்க்கும் விளைச்சல்' சரியா இருந்தது. 'விலை'ன்ற இடத்தில் நான் ஒரு சராசரியைப் போட்டிருந்தேன், அவ்வளவுதான்.

அப்போ கிசான் கார்டில் 3 லட்சம் வரைக்கும் 7 சதம் வட்டி. தேதிக்குள் கட்டினா 3 சதம் தள்ளுபடி போக 4 சதம்தான். அண்ணன் கரெக்டா தேதிக்குள் கட்டிட்டார். மேலதிகாரி என்னைப் பாராட்டினார். வீட்டம்மா நகை அடகுக்கடைக்குப் போன விஷயம் எனக்கு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. எங்க ஏட்டில் அது நல்ல கணக்கு!

அப்புறம் அவர்கிட்ட எத்தனை பெட்டின்னு நான் கேக்கிறதை விட்டுட்டேன். எந்த வாரம் பறிப்பு, எங்கே போகும், இதைத்தான் முதல்ல கேட்பேன். தக்காளி அரை ஏக்கர், அதுவும் மூணு வாரம் இடைவெளி விட்டு மூணு தடவையா நடவு. மீதியில் பீன்ஸ், பீர்க்கங்காய், கொஞ்சம் மல்லித்தழை. அதில் ஒரு பங்கு ஹாப்காம்ஸுக்கு. சந்தை உச்சத்துக்குப் போகும்போது அங்கே குறைவுதான், ஆனா குப்பையில் கொட்ட வேண்டியதில்லை.

2023 ஜூலையில் கோலார் சந்தையில் அதே 15 கிலோ பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டினது ஞாபகம் இருக்கும். எனக்கு வயிறு கலங்கிடுச்சு. ரெண்டு ஏக்கர் போட்டிருக்க வேண்டிய மனுஷனை அரை ஏக்கர்ல நிறுத்தினவன் நான்தானே? போன் போட்டேன்.

சிரிச்சார். "ரெண்டு ஏக்கர் போட்டிருந்தா ராத்திரி காவலுக்கு நீங்களா சார் வந்து படுப்பீங்க?"

நகை திரும்பிடுச்சான்னு கேட்டேன். வளையல் வந்துடுச்சாம். சங்கிலி அடுத்த பறிப்புக்கு.