காய்ச்சல் என்று எழுதுங்கள்

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் விடுப்புக் கடிதம் மனப்பாடம். அனுப்புநர், பெறுநர், பொருள், மதிப்பிற்குரிய ஐயா, எனக்குக் கடுமையான காய்ச்சல் இருப்பதால். கால் சுளுக்கியவளும் காய்ச்சல் என்றுதான் எழுதினாள். அத்தை மகள் கல்யாணத்துக்குப் போய் வந்தவளும் அப்படித்தான். ஆசிரியருக்கும் அது தெரியும். காய்ச்சல் என்பது நோயின் பெயராக இல்லாமல் மரியாதையான ஒரு வணக்கத்தைப் போல ஆகியிருந்தது.

வேலைக்கு வந்த புதிதில், ஓய்வு பெறும் வயதில் இருந்த ஒரு மூத்த பேராசிரியை என் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வயித்து வலின்னு எழுதாதீங்கம்மா. காய்ச்சல்னு எழுதுங்க. வயித்து வலின்னா என்னன்னு ஆம்பளைங்களுக்குத் தெரியும்."

அவர் சொன்னதில் ஒரு வாழ்நாள் அனுபவம் இருந்தது. காய்ச்சல் கௌரவமானது. அதற்குத் தெர்மாமீட்டரில் ஓர் எண் உண்டு. அது ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். உடம்பின் எந்த இடம் என்ற கேள்வியை அது எழுப்புவதில்லை. இருபது வருடங்களாக ஆசிரியர் அறையில் பார்க்கிறேன், ஒரே வலிக்கு எங்களிடம் நாலைந்து பெயர்கள் இருக்கின்றன. துறைத்தலைவரிடம் காய்ச்சல். பக்கத்து மேசைக்காரியிடம் வயிற்று வலி. அம்மாவிடம் தூரம். தங்கையிடம் டேட். எந்தச் சொல் யாருக்கு என்று எவரும் சொல்லித் தந்ததில்லை, ஆனால் ஒருத்தியும் மாற்றிச் சொல்லிப் பார்த்ததில்லை.

(தூரம் என்றதும், "அந்தக் காலத்தில் பெண்களுக்கு மூன்று நாள் ஓய்வு கொடுத்திருக்கிறார்கள்" என்று ஆரம்பிப்பவர்கள் உண்டு. என் பாட்டி வீட்டுக்குத் தூரமான நாட்களில் கொல்லையில் நெல் புடைத்தாள், சாணி தட்டினாள். அடுப்படிக்குள்தான் வரக்கூடாது. அதை ஓய்வு என்று சொல்பவர்கள் ஒருநாள் நெல் புடைத்துப் பார்க்கலாம்.)

முதுகலை வகுப்பில் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நடத்தும்போது ஆண்டுதோறும் ஓர் இடத்தில் நின்றுவிடுவேன். எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று இளிவரல். தாழ்ந்துபோன உணர்வு, இழிவு, கூச்சம் எல்லாம் கலந்த ஒன்று. அது பிறக்கும் இடங்களாக மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என நான்கைச் சொல்கிறது நூல். ஒரு மாணவி கேட்டாள்: "நோய் வந்தா இரக்கம்தானே மேம் வரணும்? ஏன் இளிவரல்?" பதில் சொல்ல எனக்கு உரைகள் தேவைப்படவில்லை. உடம்பு முடியாத காலையில் துறைத்தலைவரின் எண்ணை அழுத்துமுன் தொண்டையைக் கனைத்து, குரலைக் கொஞ்சம் தேய்த்துக்கொள்கிறோமே, அந்த அரை நொடியில் இருப்பது அதுதான். நிஜமாகவே முடியவில்லை என்றாலும் முடியாதவள் போல நடிக்க வேண்டியிருக்கிறது.

அழைத்துச் சொன்னதோடு முடிவதில்லை. எங்கள் மாதிரிக் கல்லூரிகளில் விடுப்பு எடுப்பவர்தான் தன் வகுப்புகளுக்கு மாற்று ஆள் பிடிக்க வேண்டும். ஆல்டர் என்று சொல்வோம். நூற்றிரண்டு டிகிரியில் படுத்துக்கொண்டு இரண்டாம் பாடவேளைக்கு ஒருவர், ஐந்தாம் பாடவேளைக்கு ஒருவர் என்று கெஞ்ச வேண்டும். மூன்று பேரிடம் உடம்பை விளக்கிச் சொல்வதற்குள் எழுந்து போய்ப் பாடம் நடத்திவிடலாம் என்று தோன்றும். பலர் அதையே செய்கிறார்கள். "உடம்பு முடியலைன்னாலும் வந்துட்டாங்க பாருங்க" என்ற பாராட்டும் கிடைக்கும். 2020க்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் மட்டும் அந்தப் பாராட்டு நின்றிருந்தது. இருமினால் அறையே காலியானது. இப்போது பழைய தியாகம் திரும்ப வந்துவிட்டது. அறுபது பேர் இருக்கும் வகுப்பில் சளியோடு நின்று பாடம் நடத்துவதைக் கடமையுணர்ச்சி என்று நான் ஏற்கமாட்டேன். ஆனால் அந்த ஆசிரியையைக் குறை சொல்லுமுன் அவளுடைய விடுப்புக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள். போன வருடத்து என் நாட்குறிப்பு இது: மகளுக்குக் காய்ச்சல், மருத்துவமனை, மூன்று நாள். மாமியாருக்குக் கண்புரை அறுவை, இரண்டு. உறவில் ஒரு சாவும் கருமாதியும், இரண்டு. கொழுந்தனார் வீட்டுக் கல்யாணம், இரண்டு. பள்ளியில் பெற்றோர் கூட்டம், ஒன்று. என் சொந்த உடம்புக்கு ஒன்று. மீதி ஒன்றை ஏதாவது அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வைத்திருந்தேன். அது டிசம்பர் 31ஆம் தேதி காலாவதியானது. கல்யாணமான பெண்ணின் சி.எல். குடும்பச் சொத்து. எங்கள் துறையில் ஆண்களிடம் கேட்டுப் பார்த்தேன். பிள்ளையின் காய்ச்சலுக்கு விடுப்பு எடுத்ததாக ஒருவர் சொன்னார். அவருடைய மனைவி அப்போது ஊரில் இல்லை.

இந்த 12 நாளும் வாய்த்தவர்களின் கதைதான் இது. சுயநிதிப் பிரிவில் தொகுப்பூதியத்துக்கு வேலை பார்க்கும் தோழிக்குக் காய்ச்சல் வந்தால் சம்பளத்தில் பிடித்தம். ஒருமுறை அவள் சொன்னாள்: "எனக்கு ஒரு நாள் தலைவலி ஆயிரம் ரூவாக்கா. அதனால எனக்குத் தலைவலி வர்றதே இல்ல." வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் பெண்களுக்குத் தமிழ்நாட்டில் 2007லிருந்து நல வாரியம் இருக்கிறது. 2018லிருந்து குறைந்தபட்சக் கூலியும் வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் காய்ச்சலுக்கான விடுப்பை அவர்கள் வீட்டுக்கு வீடு பேசித்தான் வாங்க வேண்டும். பேசப்போவது பெரும்பாலும் காய்ச்சல் கடிதம் எழுதிப் பழகிய இன்னொரு பெண்ணிடம்.

இரண்டு வருடம் முன்பு ஒரு மாணவி கொண்டுவந்த கடிதத்தில் பொருள் என்ற இடத்தில் 'மாதவிடாய் வலி காரணமாக' என்று நீட்டாக எழுதியிருந்தாள். கையெழுத்து போட்டு அனுப்பினேன். மதியம் அலுவலகத்திலிருந்து போன். எழுத்தர் அம்மாதான், ஆண் அல்ல. "மேம், இதைக் காய்ச்சல்னு மாத்தி எழுதி வாங்கிடலாமா? ஃபைல்ல போகுது." யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேன். "யாரும் பார்க்கமாட்டாங்க மேம். இருந்தாலும்." அந்த 'இருந்தாலும்' என்ற சொல்லை நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். கடிதத்தை மாற்றவில்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பாராட்டவும் இல்லை. பாராட்டினால் அவள் ஏதோ சாகசம் செய்தது போலாகிவிடும்.

இதற்கெனத் தனி விடுப்பு வேண்டும் என்ற பேச்சு நம் நாட்டில் புதிதல்ல. பீகார் அரசு 1992லேயே தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் சிறப்பு விடுப்பு கொடுத்துவிட்டது. கேரளம் 2023இல் பல்கலைக்கழக மாணவிகளுக்கு வருகைப் பதிவில் தளர்வு தந்தது. கர்நாடகம் 2025இல் ஆண்டுக்கு 12 நாள் என அறிவித்தது. 2024இல் உச்ச நீதிமன்றத்தின் முன் இந்தக் கோரிக்கை வந்தபோது, கட்டாயமாக்கினால் முதலாளிகள் பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்கக்கூடும் என்ற கவலையைச் சொன்னது நீதிமன்றம். அது பொய்யான கவலை அல்ல. ஆனால் பேறுகாலச் சட்டம் 1961இல் வந்தபோதும் இதே கவலை பொருந்தியிருக்கும். வலியை மறைத்து வேலை பார்ப்பவளைத்தான் எடுப்போம் என்கிற முதலாளி, அவள் மறைக்கத் தெரிந்தவள் என்பதற்காகத்தானே எடுக்கிறார்? எனக்கு இந்த விடுப்பு வேண்டும். அதோடு, அதை எடுக்கும் நாளில் என்ன காரணம் என்று எழுதாமல் இருக்கும் உரிமையும் வேண்டும். வலியைச் சொல்லியே தீர வேண்டும் என்பதும் ஒரு கட்டாயம்தான்.

கல்லூரியில் முடியாமல் போனால் எழுத ஒரு கடிதமாவது இருக்கிறது. விமானச் சீட்டு வாங்கிவிட்ட நாளில் முடியாமல் போனால் எழுதவும் ஆள் இல்லை. மலிவுக் கட்டணத்தில் வாங்கிய சீட்டை ரத்து செய்தால் பெரும்பகுதி போய்விடும். கருத்தரங்குக்குப் போகும் ஆசிரியைகள் பலர் அதைக் கைக்காசில்தான் வாங்குகிறார்கள். ஆகவே சளியோடு ஏறுகிறார்கள். நானும் டெல்லிக்கு ஒருமுறை அப்படிப் போனேன், முகக்கவசத்தோடு.

வானத்தில் உடம்பின் கணக்கு வேறு. பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி மலை மீது இருப்பதற்குச் சமம். ஏறக்குறைய ஊட்டி. இறங்கும்போது ஊட்டியிலிருந்து அரை மணி நேரத்தில் சமவெளிக்கு வருகிறோம். நடுக்காதிலிருந்து தொண்டைக்குப் பின்னால் போகும் சிறு குழாய் திறந்து மூடி அழுத்தத்தைச் சமன்செய்ய வேண்டும். சளி அடைத்திருந்தால் அது திறக்காது. செவிப்பறை உள்ளுக்கு இழுபடும். குழந்தைகள் அந்த நேரத்தில் வீறிடுவது இதனால்தான். பால் கொடுத்தால், விழுங்க விழுங்கக் குழாய் திறக்கும். ஆனால் பக்கத்து இருக்கைக்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டு, துப்பட்டாவைத் தேடி, கூச்சப்பட்டு, அந்தத் தாய் பிள்ளையின் முதுகைத்தான் தட்டிக்கொண்டிருப்பாள்.

எனக்கு நடைபாதை ஓரத்து இருக்கை கிடைப்பது அபூர்வம். அதற்குச் சில நூறு ரூபாய் கூடுதல். சன்னல் பக்கம் உட்கார்ந்தால் கழிவறைக்குப் போக இரண்டு பேரை எழுப்ப வேண்டும். ஒருமுறை எழுப்பலாம். இரண்டாம் முறை மன்னிப்புக் கேட்டு எழுப்பலாம். அதிகம் போகிற நாளில் மூன்றாம் முறை? நான் கேட்டுப் பார்த்த பெண்களில் அநேகமாக எல்லோரும் ஒரே வழியைத்தான் சொன்னார்கள். முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டார்கள். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் இருபது சதவீதத்துக்கும் கீழே போய்விடும், உதடு வெடிக்கும், அப்படியும் குடிக்கமாட்டார்கள். கல்லூரியில் கழிவறை சரியில்லாத காலத்தில் கற்றுக்கொண்ட வித்தை அது. அங்கே வந்த சிறுநீர்த் தொற்றுக்கும் காய்ச்சல் என்றுதான் கடிதம் எழுதினோம், அது ஒருவகையில் உண்மையும்கூட. நாகரிகமாக நடந்துகொண்டே வாங்கிக்கொண்ட நோய். என் மாணவிகளுக்கு நான் சொல்வது: எழுப்புங்கள், நாலு முறையும். அவர்கள் எழுந்து நிற்கட்டும், கால் மரத்துப் போகாமல் இருக்கும். 2024லிருந்து இண்டிகோவில் பெண் பயணிகள் இருக்கையைத் தேர்ந்தெடுக்கும்போது வேறு பெண்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கும் வசதி வந்திருக்கிறது. நான் அதைப் பயன்படுத்துகிறேன். பெண்களை எழுப்புவது எளிதாக இருக்கிறது.

இத்தனை பேசும்போதும் அந்த விமானத்தில் நின்றுகொண்டே இருக்கும் பெண்ணை மறந்துவிடுகிறோம். ஒருநாளில் மூன்று, நான்கு முறை ஊட்டி ஏறி இறங்குகிறவள் அவள். அவளுக்குச் சளி என்றால் உண்மையிலேயே வேலைக்குத் தகுதியில்லாத நாள், செவிப்பறையே கிழியலாம். அவளுடைய உடம்பு குறித்து இந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் 1981இல் ஒரு தீர்ப்பு எழுதியது. ஏர் இந்தியாவுக்கு எதிராக நர்கேஷ் மிர்சா முதலான பணிப்பெண்கள் போட்ட வழக்கு. முப்பத்தைந்து வயதானால் ஓய்வு, வேலைக்குச் சேர்ந்து நான்கு ஆண்டுக்குள் கல்யாணம் செய்தால் வேலை இல்லை, முதல் கர்ப்பத்தோடும் வேலை இல்லை என்பது அன்றைய விதி. கர்ப்ப விதியை நீதிமன்றம் கொடுமை என்று தள்ளியது. கல்யாண விதியை நியாயம்தான் என்று வைத்துக்கொண்டது.

2024 மே மாதத்தில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் இருநூறுக்கும் அதிகமான விமானப் பணியாளர்கள் ஒரே நேரத்தில் உடம்பு சரியில்லை என்று சொன்னார்கள். சம்பளம், வேலை நிலைமை, நடத்தும் விதம் என்று குறைகள் நெடுநாளாக இருந்தன. விமானங்கள் ரத்தாயின. வளைகுடாவுக்கு வேலைக்குத் திரும்ப வேண்டியவர்களும், நோயுற்ற சொந்தங்களைப் பார்க்கப் புறப்பட்டவர்களும் கேரளத்து விமான நிலையங்களில் தவித்தார்கள். அந்தத் தவிப்பை நான் சிறிதாக்கமாட்டேன். நிர்வாகம் இருபத்தைந்து பேரை வேலையை விட்டு நீக்கியது. தொழிலாளர் ஆணையரின் முன்னிலையில் பேச்சு நடந்து, நீக்கம் திரும்பப் பெறப்பட்டது. அன்று எல்லோரும் கேட்டது, இத்தனை பேருக்கும் ஒரே நாளில் எப்படிக் காய்ச்சல் வரும் என்று. எங்கள் ஆசிரியர் அறையிலும் சிரித்தார்கள். காலம் முழுக்க எல்லாவற்றையும் காய்ச்சல் என்றே எழுதச் சொன்னவர்கள், அன்று மட்டும் அந்தச் சொல்லுக்கு அகராதிப் பொருள் கேட்டார்கள்.

டெல்லியிலிருந்து திரும்பியபோது அறிவிப்பு செய்த பெண்ணின் குரல் மூக்கடைத்திருந்தது. 'ம' எல்லாம் 'ப' ஆகிக்கொண்டிருந்தது. இறங்கும்போது வாசலில் கைகூப்பி நின்றாள். கண்கள் சிவந்திருந்தன. என் பையில் காதடைப்புக்காக வாங்கி மீந்த மிட்டாய்கள் இருந்தன. சளியாம்மா என்று கேட்டேன்.

"இல்ல மேம், ஏசிதான்" என்றாள். மிட்டாயை மட்டும் வாங்கிக்கொண்டாள்.